பயிர் நல்லா தெரியணும்

போன மாதம் உங்களில் ஒருவர் ஒரு கல்யாண ஆல்பத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்து, "அக்கா, டோன் எப்படி இருக்கு, பாத்துச் சொல்லுங்க" என்றார். பார்த்தேன். மாப்பிள்ளையும் பெண்ணும் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு வரப்பில் கைகோத்து நடக்கிறார்கள். இரண்டு பக்கமும் சம்பாப் பயிர். அந்தப் பயிரிலிருந்து பச்சையை எல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டுத் தேன் நிறத்தில் நிறுத்தியிருந்தார் தம்பி. அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆல்பத்தை வாங்க வந்த பெண்ணின் அம்மாதான் அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் கேட்டார்: "ஏன் தம்பி, எங்க வயலு இப்புடிக் கருகிக் கெடக்கு?"

நீங்கள் எல்லாரும் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் வரவில்லை என்பதை அங்கேயே சொல்லியிருக்கலாம், தெம்பு இல்லை. நம் போட்டோகிராபர் சங்கத்து ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று இரண்டு வருஷமாக நச்சரிக்கிறீர்கள். "உங்க சாதனைகளை எழுதுங்கக்கா" என்கிறீர்கள். சாதனையாவது, ஒன்றாவது! என்னிடம் ஒரு தப்பு இருக்கிறது. அதை எழுதித் தருகிறேன், போட்டால் போடுங்கள்.

இப்போதெல்லாம் சீக்கிரம் களைத்துவிடுகிறேன். இருபத்தேழு வருஷம் திரையையே பார்த்த கண். ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று, இன்னொன்றில் இன்னும் இல்லை. எடுத்த கண்ணுக்கு வானம் ஒரு நீலம், எடுக்காத கண்ணுக்கு வேறு நீலம். இரண்டில் எது சரி என்று டாக்டரைக் கேட்டேன். "ரெண்டும் உங்க கண்ணுதாம்மா" என்றார். வாழ்நாள் முழுக்க நிறம் சரிபார்த்தவளுக்குக் கடைசியில் கிடைத்த மரியாதை இது.

உங்களில் பாதிப் பேர் ஃபிலிம் சுருளைக் கையில் தொட்டிருக்க மாட்டீர்கள். தொண்ணூறுகளில் தஞ்சாவூரில் நான் வேலை பார்த்த கலர் லேபுக்கு அதிராம்பட்டினம், பட்டுக்கோட்டை என்று கடற்கரை வரைக்கும் உள்ள சின்ன ஸ்டுடியோக்கள் சுருளைத் துணிப்பையில் போட்டு பஸ்ஸில் கொடுத்தனுப்பும். கழுவின நெகட்டிவை மெஷினில் கொடுத்தால் சின்னத் திரையில் படம் வரும். நிறத்துக்குச் சில பொத்தான், வெளிச்சத்துக்கு ஒன்று. கூட்டலாம், குறைக்கலாம். ஒரு படத்துக்கு மூன்று விநாடி கிடைத்தால் அதிகம். அந்த மூன்று விநாடியில் ஒரு பெண்ணின் சேலை என்ன நிறம், ஒரு குழந்தையின் கன்னம் என்ன நிறம் என்று நான் முடிவு செய்வேன். யாரும் என்னிடம் ஏன் என்று கேட்டதில்லை. நானும் யாரையும் கேட்டதில்லை.

வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருந்த காலம் அது. துபாய், குவைத், சிங்கப்பூர். வருகிற சுருளில் பாதி அங்கே போவதற்காகவே எடுத்த படங்கள். புது வீட்டுக்குப் போட்ட நிலைப்படி, பசு போட்ட கன்று, பேரனின் மொட்டைத் தலை. எங்கள் முதலாளிக்கு ஒரே சட்டம்தான். "ஸ்டெல்லா, வெளிநாட்டுக்குப் போற படத்துல ஊரு பச்சையா இருக்கணும். பாலைவனத்துல உக்காந்து பாக்குறான், அவன் கண்ணு குளிரணும்" என்பார். குளிர வைத்தேன். பொட்டல் காட்டைக்கூடப் புல்வெளி ஆக்குவேன்.

ஆரம்பத்தில் எனக்கு அந்தக் கை வரவில்லை. யாரோ அரக்கு நிறத்தில் எடுத்த முகூர்த்தச் சேலை என்னிடம் வந்து தக்காளி நிறமாகிவிட்டது. பெண்ணின் அம்மா கடை வாசலிலேயே நின்று, "நாலு கடை ஏறி எறங்கி எடுத்த அரக்கு! இதென்ன ரசத்துக்குப் புழிஞ்ச மாதிரி இருக்கு?" என்று சத்தம் போட்டார். மெஷினைப் பார்க்க மெட்ராஸிலிருந்து வந்துபோகிற மெக்கானிக் ஒருவர் அன்றைக்கு அங்கே இருந்தார். பேர் மறந்துவிட்டது, சதா ஏப்பம் விடுவார். "முகத்தைப் பாத்துக் கலர் போட்டியா, சேலையைப் பாத்தா?" என்றார். சேலையைத்தான் என்றேன். "சேலை எந்தக் கலர்ல வேணா இருக்கும். மனுஷத் தோலு அப்படி இல்ல. நீ நிச்சயமாத் தெரிஞ்ச ஒண்ணை மொதல்ல நேர் பண்ணு, மத்தது தானா வரும்" என்றார். அதற்குப் பிறகு நானும் ஒரு யோசனை செய்தேன். சேலைக் குஞ்சத்திலிருந்து ஒரு நூல் எடுத்துக் கவரில் ஒட்டி அனுப்பும்படி ஸ்டுடியோக்காரர்களிடம் சொன்னேன். நூலைத் திரைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிறம் போடுவேன். பேர் வந்தது. பேர் வந்தால் தலைக்கனம் வராமல் இருக்குமா? அதுவும் வந்தது.

ஆற்றில் தண்ணீர் சரியாக வராத ஒரு வருஷம். வந்த கொஞ்சமும் வாய்க்கால் முடிகிற கடைமடைக்குப் போய்ச் சேரவில்லை, மழையும் ஏமாற்றிவிட்டது. எனக்கு அதெல்லாம் பேப்பரில் படிக்கிற செய்தி. நான் தஞ்சாவூர் டவுனுக்குள் மானம்புச்சாவடியில் பிறந்து வளர்ந்தவள், அப்பா மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். எங்கள் வீட்டுக்குள் நெல் அரிசியாகத்தான் நுழைந்திருக்கிறது. கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் முற்பகல், அதிராம்பட்டினத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஏதோ ஒரு கடைமடைக் கிராமத்திலிருந்து ஒரு பெரியவர் சுருளைத் தானே கையில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்தார். அவசரமாம், இருந்து வாங்கிக்கொண்டு போகிறாராம்.

நான் உள்ளே கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்தேன். அவர் முதலாளியிடம் நெடுநேரம் பேசுவது தெரிந்தது, என்ன பேசினார் என்பது கேட்கவில்லை. பின்னால் எனக்குத் தெரியவந்தது இது: அவர் மகன் குவைத்தில் இருந்தார். கம்பெனியில் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்லியிருந்தார்கள். மகனுக்குப் போட மனசில்லை, ஊருக்கு வந்து விவசாயம் பார்க்கிறேன் என்று எழுதினார். தண்ணீர் இல்லை, பயிர் போய்விட்டது, இந்த நேரத்தில் வேலையை விட்டுவிட்டு வராதே என்று அப்பா பதில் எழுதினார். மகன் நம்பவில்லை. "நெலத்தை மச்சானுக்குக் குடுக்கப் போறீங்க, அதுக்குத்தான் என்னை வரவேண்டாங்குறீங்க" என்று எழுதிவிட்டார். வீட்டு மாப்பிள்ளை கூடமாட இருந்து வயல் வேலை பார்ப்பவர், அந்தச் சந்தேகம். அப்பாவுக்கு வேறு வழி தெரியவில்லை. வாடுகிற பயிரைப் படமெடுத்து அனுப்பினால் நம்புவான் என்று உள்ளூர் ஸ்டுடியோக்காரரை அழைத்துப்போய் எடுத்திருக்கிறார்.

இதில் எவ்வளவு முதலாளி காதில் விழுந்தது என்று எனக்குத் தெரியாது. அப்போது அவர் காதில் டெலிபோன் இருந்தது. என்னிடம் வந்த கவரில் அவர் கையெழுத்தில் மூன்றே விஷயம் இருந்தது. அவசரம். குவைத். பயிர் நல்லா தெரியணும்.

நல்லா தெரியணும்! பெரியவர் சொன்னது பளிச்சென்று, தெளிவாக, உள்ளது உள்ளபடி கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று. நான் படித்தது பயிர் பார்க்க நன்றாக இருக்க வேண்டும் என்று. குவைத் என்ற வார்த்தையும் பக்கத்தில் இருக்கவே எனக்குச் சந்தேகமே வரவில்லை.

திரையில் படம் வந்தது. வயல் மஞ்சளடித்திருந்தது. அந்த வாரம் முழுக்கப் படம் கழுவுகிற மருந்துத் தண்ணீர் சரியில்லாமல் எல்லாப் படத்திலும் மஞ்சள் ஏறிக்கொண்டிருந்தது, காலையிலிருந்து மஞ்சளைக் குறைத்துக் குறைத்தே விரல் பழகியிருந்தது. இதையும் குறைத்தேன். பச்சை எழுந்து வந்தது. பொத்தானில் இன்னும் ஒரு தட்டு. நடவு முடிந்து ஊட்டம் பிடித்த பயிர் மாதிரி தளதளவென்று நின்றது வயல். வரப்பில் பெரியவர் தோளில் துண்டோடு நிற்கிறார், முகம் நிழலில் சின்னதாக இருந்தது. துண்டில் லேசாகப் பச்சை அடித்தது. பார்த்தேன், பார்க்காமல் இல்லை. பயிரின் பச்சை துண்டில் அடிக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எட்டுப் படத்தையும் அப்படியே போட்டேன்.

படத்தைக் கொடுக்கும்போது முதலாளி சாப்பிடப் போயிருந்தார், நான்தான் கவுன்ட்டருக்கு வந்தேன். பெரியவர் படத்தைக் கையில் வாங்கி எட்டத்தில் பிடித்தார், கிட்டத்தில் பிடித்தார்.

"கண்ணாடியை வச்சுட்டு வந்துட்டேம்மா. பயிரு நல்லா தெரியுதா?"

"சூப்பரா தெரியுதுங்கய்யா."

"எல்லாப் படத்துலயும்?"

"எல்லாத்துலயும்."

"நல்லா இரும்மா" என்றார். ஏற்கனவே எழுதிக் கொண்டுவந்திருந்த கடிதத்தோடு சேர்த்து நேரே தபாலாபீஸுக்குக் கொண்டுபோய்விட்டார். எனக்கு அன்று முழுக்க மனசு நிறைவாக இருந்தது. இப்போது நினைத்தாலும் அதுதான் தாங்கவில்லை.

மாசி மாதம் முப்பது வயதிருக்கும் ஒருவர் வந்து அந்தப் படங்களில் ஒன்றைக் கவுன்ட்டரில் வைத்தார். முழுக்கைச் சட்டை, மடிப்புக் கலையவில்லை. நானும் முதலாளியும் இருந்தோம்.

"இது இங்க போட்டதுதானே மேடம்?"

பின்பக்க முத்திரையைப் பார்த்தேன். "ஆமா சார்."

"இந்தக் கலரை மாத்த முடியுமா?"

இன்னொரு பிரதி கேட்கிறார் என்று நினைத்தேன். "எந்தக் கலருக்கு வேணும்னாலும் மாத்தலாம் சார். பச்சை இன்னும் தூக்கலா வேணுமா?" என்றேன்.

அவர் முகம் செத்துப்போய்விட்டது. பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பிறகுதான் சொன்னார். கடிதத்தில் அப்பா, பயிர் பாதி போய்விட்டது, படத்தில் நீயே பார் என்று எழுதியிருக்கிறார். பார்த்தால் படத்தில் பயிர் தளதளவென்று நிற்கிறது. "அப்பா பொய் சொல்றாருன்னு முடிவே பண்ணிட்டேன் மேடம். கையெழுத்துப் போட மாட்டேன்னு கம்பெனியில சொல்லிட்டேன். விசாவை முடிச்சு அனுப்பிட்டாங்க." தை மாதம் ஊருக்கு வந்து சேர்ந்தபோது வயல் வெறும் தரை. காய்ந்த பயிரில் ஆடு மாடு மேய்ந்து முடிந்திருந்தது. வந்த அன்றே அப்பா முன்னால் இந்தப் படத்தைப் போட்டு, "இம்புட்டுப் பயிரு எங்க போச்சு? மச்சான் வீட்டுக்கா?" என்று கேட்டிருக்கிறார். பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைப் பார்த்திருக்கிறார். அன்றிலிருந்து மகனோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

"ஊர்ல எல்லாரும் பயிர் காஞ்சது நெசந்தாங்குறாங்க. எனக்கு இந்தப் படத்தைப் பாத்தா நம்ப முடியல. அதான் நேர்ல கேட்டுட்டுப் போயிடலாம்னு வந்தேன்."

முதலாளி முந்திக்கொண்டார். "சார், இது முழுக்க ஆட்டோமேட்டிக் மெஷின். ஆளு கையே படாது. கேமராவுல என்ன விழுந்துச்சோ அதான் வரும்" என்றார். என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று வேலை பார்க்கிற உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு அந்த வேலை வேண்டியிருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்த மனிதர் எழுந்து போயிருப்பார், அப்பா பொய்யர் என்ற எண்ணத்தோடே போயிருப்பார்.

"இல்ல சார், நான்தான் மாத்துனேன். மஞ்சளா இருந்துச்சு. நான் பச்சையாக்கிட்டேன்" என்றேன்.

முதலாளி எழுந்து வெளியே போய்விட்டார். மகன் நெகட்டிவையும் கொண்டுவந்திருந்தார், அதை வாங்கிக்கொண்டு அவரையும் உள்ளே அழைத்துப்போனேன். வயல் அன்றைக்கு என்ன நிறத்தில் இருந்தது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நெல் பயிரில் நூல் எடுத்து ஒட்டி அனுப்ப முடியுமா? யோசித்து யோசித்து, கடைசியில் பெரியவர் தோளில் கிடந்த துண்டைப் பிடித்துக்கொண்டேன். வெள்ளைத் துண்டு. அது வெள்ளையாக வருகிற வரைக்கும் போடுவது என்று ஆரம்பித்தேன். ஒரு தட்டு, ஒரு படம். இன்னொரு தட்டு, இன்னொரு படம். துண்டு வெளுக்க வெளுக்க வயல் மஞ்சளானது. ஐந்தாவது படத்தில் துண்டு சுத்த வெள்ளை. வயல் முழுக்க வெளிறி, அங்கங்கே பழுப்புத் தட்டி, நோயாளி மாதிரி கிடந்தது. பெரியவரின் முகமும் அந்தப் படத்தில்தான் முகமாக இருந்தது. எவ்வளவு வாடியிருந்தார் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மகன் அந்தப் படத்தை சூடு ஆறாமலே கையில் வாங்கிக்கொண்டு அழுதார். "அப்பா கைப்பட எழுதுனதை நம்பல மேடம். நீங்க போட்ட கலரை நம்பிட்டேன்" என்றார். என்னால் அவர் எதிரில் நிற்க முடியவில்லை.

இங்கேயே நிறுத்தினால் மலருக்கு ஏற்ற நல்ல பாடமாக இருக்கும். நிறம் என்பது பேச்சு, யாரோ ஒருவர் அதைக் கேட்டுவிட்டு ஏதோ ஒன்றைச் செய்யப்போகிறார், ஆகவே படம் எதற்கு என்று முதலில் கேளுங்கள். கேளுங்கள், வேண்டாமென்று நான் சொல்லவில்லை. தேன் நிறம் வேண்டுமா, போடுங்கள். இரவை ஊதாவாக்க வேண்டுமா, ஆக்குங்கள். நிறத்தால் சொல்வதற்கு உங்களிடம் விஷயம் இருக்கிறது, எங்கள் காலத்தில் எங்களுக்கு அது இல்லை. ஆனால் நான் சொல்ல வந்தது அங்கே முடியவில்லை.

"நான் வந்து உங்கப்பாகிட்டச் சொல்றேன். தப்பு என்னுதுன்னு நானே சொல்றேன்" என்றேன் அவரிடம். அடுத்த ஞாயிறு கோயிலில் ஆராதனை முடிந்ததும் பஸ் ஏறினேன். எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் போனேன். அப்பாவும் மகனும் பேசிக்கொள்வார்கள், நான் ஒரு வாய் காபி குடித்துவிட்டு நிம்மதியாகத் திரும்பலாம் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டேன்.

மகன் பஸ் நிற்கும் இடத்துக்கே வந்து அழைத்துப்போனார். பெரியவர் கொல்லையில் அடிபம்பில் தண்ணீர் அடித்துக் கத்தரிச் செடிகளுக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. "வாம்மா, வா. இவ்வளவு தூரம் வந்திருக்க. வெயில்ல நிக்காத" என்றார். நான் கையைக் கூப்பிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். கவரில் எழுதியிருந்ததை நான் எப்படிப் புரிந்துகொண்டேன், எப்படிப் பச்சையாக்கினேன், அவர் கேட்டபோது சூப்பராகத் தெரிகிறது என்று எந்த நினைப்பில் சொன்னேன், எல்லாம். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். மகன் புதுப் படத்தை எடுத்து அப்பாவிடம் நீட்டினார். "இப்பத் தெரிஞ்சுக்கிட்டேம்பா. நீங்க எழுதுனது அத்தனையும் நெசம். என்னை மன்னிச்சுடுங்கப்பா" என்றார்.

பெரியவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, மடியிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தார். "ஆமா. அன்னைக்கு இப்புடித்தான் கெடந்துச்சு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீ ஏம்மா அழுவுற? எங்கயோ ஒரு கடையில உக்காந்திருக்குற. எனக்கு நெலம் எங்க இருக்கு, அதுல என்ன வெளையுதுன்னு உனக்கு என்ன தெரியும்? உம்மேல எனக்கு ஒண்ணும் இல்ல. நீ யாரோ."

படத்தை மகனிடம் திருப்பிக் கொடுத்தார். ஒரு மாதத்துக்கு மேலாகப் பேசாதவர் அப்போதுதான் அவரைப் பார்த்துப் பேசினார்.

"லெட்டர்ல எழுதுனேன், நீ நம்பல. வந்த பொறவு ஊரே சொல்லுச்சு, நம்பல. உங்கம்மா அழுது சொன்னா, நம்பல. இப்பவும் போட்டோ சொல்லித்தான் நம்புற, இல்லடா?"

பெரியவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு மறுபடியும் பம்பை அடிக்கப் போய்விட்டார். அவர் என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட இத்தனை வருஷத்தில் மறந்திருப்பேன், பிள்ளைகளே. மகன் இரண்டாம் தடவையும் அப்பாவை விட்டுவிட்டு என் நிறத்தைத்தான் நம்பியிருந்தார், நான் போட்டுக் கொடுத்த அந்தப் படத்தில் நிறம் அவ்வளவு சரியாக இருந்தது.